இன்டர்லூக்கின்-6 கூடியிருக்கிறது என்றால் என்ன பொருள்?

நீங்கள் எழுதியது நான்கு வரிதான். வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் “அழற்சிப் பரிசோதனைத் தொகுதி” என்ற பெயரில் உங்கள் தகப்பனாருக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அவருக்கு வயது 58. எட்டு மாதமாகக் கைவிரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் நோவு. வந்த முடிவில் இன்டர்லூக்கின்-6 ஒரு மில்லிலீற்றருக்கு 42 பைக்கோகிராம் என்றும், அந்த ஆய்வுகூடத்தின் மேல் எல்லை 7 என்றும் இருக்கிறது. அதோடு அழற்சியில் இரத்தத்தில் கூடும் புரதமான சி.ஆர்.பி. 31, செங்குருதிக்கலங்கள் படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். 68, ஈமோகுளோபின் 10.4. எல்லா நோய்க்கும் மூலம் இந்த இன்டர்லூக்கின்தான், புற்றுநோய் வரப்போவதற்கும் இதுவே அடையாளம் என்று யாரோ சொல்லி வீட்டையே கலங்கவைத்துவிட்டார். அதை மஞ்சளால் குறைக்கலாமா, அதைத் தடுக்கும் ஊசி ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: இந்த 42 என்பதுதான் நோயா, அல்லது நோய் பதித்த தடமா? நாற்பது ஆண்டுகளாக நிர்ப்பீடனவியல், அதாவது உடலின் நோயெதிர்ப்பைப் பற்றிய துறையின், ஆய்வாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான்.

நான் கொழும்பில் இருபத்தாறு ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகூடத்தில், பெரும்பாலும் நிர்ப்பீடனவியல் பிரிவில், வேலை செய்தவன். மூட்டுவாத நிபுணன் அல்லன். ஆகவே உங்கள் தகப்பனாருக்கு என்ன நோய் என்று இங்கிருந்து சொல்லமாட்டேன். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

இன்டர்லூக்கின் என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பப் பெயர். ஒரு கலம் இன்னொரு கலத்துக்குச் செய்தி சொல்ல வெளியிடும் சிறிய புரதங்கள் இவை. 1979இல் சுவிற்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் என்ற ஊரில் கூடிய ஆய்வாளர்கள், வெண்குருதிக்கலங்களுக்கு இடையிலான தூது என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார்கள். அதன்பின் கண்டுபிடிக்கப்பட்டவற்றுக்கு வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போனதில், எண்ணிக்கை இப்போது ஏறத்தாழ நாற்பது. எண்ணை வைத்து உறவைக் கணிக்க முடியாது. 6 என்பது 5க்கு அண்ணனும் அல்ல, 7க்குத் தம்பியும் அல்ல. இதே வேலையைச் செய்யும் வேறு சில புரதங்களுக்கு, இன்டர்பெரோன், டி.என்.எப். என்பனவற்றுக்கு, இந்தக் குடும்பப் பெயர் கிடைக்கவும் இல்லை. இன்டர்லூக்கின்-6ஐயே எடுத்துக்கொண்டால், வெவ்வேறு ஆய்வுகூடங்கள் அதை வெவ்வேறு வேலை செய்யும் வெவ்வேறு புரதங்கள் என்று எண்ணித் தனித்தனிப் பெயர்களால் அழைத்துக்கொண்டிருந்தன. ஒருவர் பார்த்தது பிறபொருளெதிரி தயாரிக்கும் கலங்களைத் தூண்டும் பொருளை. இன்னொருவர் பார்த்தது ஈரற்கலங்களைத் தூண்டும் பொருளை. 1986இல் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தின் தடாமிட்சு கிஷிமோட்டோ, தொஷியோ ஹிரானோ குழுவினர் அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்த பிறகுதான் அவையெல்லாம் ஒன்றே என்பது தெளிவாகியது. யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை நினைவுக்கு வரும்.

இவை உடலில் செய்வதைப் பார்க்க ஒரு மீன்முள் போதும். பாரை வெட்டும்போது முள் விரலில் ஏறிவிடுகிறது. அந்த இடத்தில் காவலிருக்கும் கலங்கள் பற்றீரியாவின் சுவடு கண்டதும் இன்டர்லூக்கின்-1ஐ வெளியிடுகின்றன. பக்கத்து இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. குழாய் சற்றுக் கசிகிறது. இன்டர்லூக்கின்-8 வெண்குருதிக்கலங்களை அவ்விடத்துக்கு அழைத்துவருகிறது. விரல் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகிறது. இதுவே அழற்சி. பெரும்பாலான முள் குத்தல்களில் செய்தி விரலைத் தாண்டுவதில்லை. மூன்று நாளில் ஆறிவிடும். தொற்று பரவினால்தான் இன்டர்லூக்கின்-1ம் 6ம் இரத்தத்தில் கலந்து தொலைவுக்குப் போகின்றன. மூளையின் அடியில் உடல் வெப்பத்தைப் பராமரிக்கும் பகுதியில் அவை புரொஸ்டாகிளான்டின் என்ற இரசாயனப் பொருளின் உற்பத்தியைத் தூண்ட, காய்ச்சல் எழுகிறது. நாம் பனடோல் விழுங்கும்போது தடுக்கப்படுவது அந்தக் கடைசிப் படி மட்டுமே. காய்ச்சல் இறங்கும், ஆனால் இன்டர்லூக்கின்கள் தம் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது உங்கள் தகப்பனாரின் தாளுக்கு வருகிறேன். அதில் நான்கு எண்கள் இருக்கின்றன. நான்கு கேடுகள் என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். ஒரே கதையை நான்கு தரம் சொல்கின்றன என்பதே அதிகம் பொருந்துகிறது. இன்டர்லூக்கின்-6 ஈரலை அடைந்ததும் ஈரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. அதே செய்தியின்பேரில் பைப்ரினோஜன் என்ற புரதத்தையும் கூடுதலாகச் சுரக்கிறது. ஈ.எஸ்.ஆர். பரிசோதனையில் மெல்லிய நீண்ட கண்ணாடிக் குழாயொன்றில் இரத்தத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு மணிநேரம் தொடாமல் காத்திருப்போம். பைப்ரினோஜன் கூடிய இரத்தத்தில் செங்குருதிக்கலங்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பாரமாகி விரைவாகக் கீழிறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம் நிற்கும். அந்தத் தெளிந்த பகுதியின் உயரம்தான் 68 மில்லிமீற்றர். ஈமோகுளோபின் குறைந்ததற்கும் இதே வழியில் விளக்கம் உண்டு: இன்டர்லூக்கின்-6 ஈரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரக்கவைக்கிறது, அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதையும், உடலின் சேமிப்பிலிருந்து இரும்பு வெளிவருவதையும் தடுக்கிறது. வீட்டில் அரிசி நிறைய இருந்தும் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டதுபோன்ற சோகை அது. அதற்கு இரும்பு மாத்திரை அவ்வளவாக உதவாது. ஆனால் 58 வயது ஆணுக்குச் சோகை என்றால் குடலில் மெதுவாக இரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல், அழற்சிதான் காரணம் என்று மூடிவிடக்கூடாது. நோவுக்கு அவர் மாதக்கணக்காக டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை விழுங்கியிருந்தால் இன்னும் அதிகமாகக் கவனிக்கவேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனை ஒன்று இந்த இரண்டையும் பிரித்தறியப் பெரும்பாலும் உதவும்.

அந்த 42ஐப் பற்றி ஆய்வுகூடத்துக்காரனாக ஒரு வார்த்தை. இன்டர்லூக்கின்-6 நொடிக்கு நொடி மாறும் பொருள். மரதன் ஓடி முடித்தவரின் இரத்தத்தில் அது நூறு மடங்கு வரைகூட உயரலாம். அங்கே அதைச் சுரப்பது வேலைசெய்த தசை, அதனால் எவருக்கும் கேடில்லை. வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பிழையமும் அதைச் சுரக்கும். முதல் நாள் தடிமனோ பல் ஈறு வீக்கமோ இருந்தாலும் ஏறும். எடுத்த இரத்தத்தை மணிக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருந்தால் குழாய்க்குள்ளேயே அளவு மாறக்கூடும். கிளையில் எடுத்து, மாலையில் மோட்டார் சைக்கிளில் தலைமை ஆய்வுகூடத்துக்குப் போகும் மாதிரிகளில் இது எனக்கு எப்போதும் ஒரு கவலை. சி.ஆர்.பி. அப்படியல்ல, அதன் அரைவாசி ஏறத்தாழ 19 மணிநேரத்தில்தான் இரத்தத்திலிருந்து நீங்கும், குழாயில் நிலையாக இருக்கும், விலையும் சொற்பம். ஆகவேதான் உலகெங்கும் வைத்தியர்கள் இன்டர்லூக்கின்-6ஐ நேரே அளக்காமல் அதன் எதிரொலியாகிய சி.ஆர்.பி.யைப் பார்க்கிறார்கள். மூட்டு நோவுக்கு இன்டர்லூக்கின்-6 அளந்ததால் உங்களுக்குப் புதிதாகக் கிடைத்த தகவல் அநேகமாக எதுவுமில்லை. இந்தத் தொகுதிகளை விற்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும்.

இனித்தான் உங்கள் கேள்வியின் மையம். ஒரு நோயில் ஓர் இன்டர்லூக்கின் கூடியிருப்பது வேறு, அந்த நோயை அது உண்டாக்குவது வேறு. வீடு எரியுமிடத்திலெல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கும். அதனால் வண்டிதான் தீ வைத்தது என்றாகாது. இரத்தத்தை எத்தனை தரம் அளந்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரே நம்பகமான வழி, அந்த ஒரு செய்தியை மட்டும் அறுத்துவிட்டு நோயாளி தேறுகிறாரா என்று பார்ப்பது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இன்டர்லூக்கின்களையோ, கலங்களில் அவற்றின் செய்தியைப் பெறும் வாங்கிகளையோ குறிவைத்துத் தடுக்கும் மருந்துகள் வந்ததால், சிகிச்சையே பரிசோதனையாகவும் ஆகிவிட்டது. அதன் முடிவுகள் ஆய்வாளர்களின் ஊகங்களைப் பல இடங்களில் தலைகீழாகப் புரட்டின.

தெளிவான வெற்றிகளை முதலில் சொல்கிறேன். ஒரே ஒரு பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தால் இன்டர்லூக்கின்-1 அளவுக்கு மீறி வெளிப்படும் அரிய நோய்கள் சில உண்டு. பிறந்த நாள் முதல் காய்ச்சலும் தடிப்புமாக இருந்த குழந்தைகள், இன்டர்லூக்கின்-1ஐத் தடுத்ததும் சில நாள்களிலேயே அடங்கினார்கள். அங்கே அதுதான் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை. கவுட் எனப்படும் யூரிக் அமில வாதத்திலும், மூட்டில் படியும் பளிங்குகள் இன்டர்லூக்கின்-1ஐ எப்படி வெளிப்படுத்துகின்றன என்பது 2006இல் தெரியவந்தது. காசில்மன் என்ற நிணநீர்க்கணு நோயில் அந்த இடம் இன்டர்லூக்கின்-6க்கு. அதன் வாங்கியை அடைக்கும் டொசிலிசுமாப் என்ற மருந்து 2005இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்றது அந்த நோய்க்கே. பின்னர் 2008இல் அங்கேயே, உடலின் காப்புப் படையே மூட்டுகளைத் தாக்கும் ருமற்றொயிட் மூட்டுவாதத்துக்கும் அனுமதிக்கப்பட்டது. நீங்கள் கேள்விப்பட்ட ஊசி அநேகமாக இதுதான்.

ஆனால் இதே மருந்தை முள்ளந்தண்டு இறுகும் வாதத்தில், அன்கைலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்பதில், கொடுத்தபோது பயனில்லை. அந்த நோயாளிகளிலும் சி.ஆர்.பி. கூடியிருந்தது, மருந்து அதை இறக்கவும் செய்தது, முதுகு நோவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எண் சரியாகி ஆள் சரியாகாததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதே நோயில் இன்டர்லூக்கின்-17ஐத் தடுத்தால் நன்றாகக் கேட்கிறது. சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும் அப்படியே: கெட்டியான செதில்கள் சில கிழமைகளில் உதிர்ந்து தோல் தெளிந்துவிடும். ஆனால் ருமற்றொயிட் மூட்டுவாதத்தில், மூட்டு நீரில் இன்டர்லூக்கின்-17 இருந்தும், அதைத் தடுப்பதால் கிடைப்பது சொற்பம். குரோன் என்ற குடல் அழற்சியிலோ அதைத் தடுத்தபோது நோயாளிகள் சிலருக்கு நிலைமை மோசமானது; ஏனென்றால் குடலில் அது சுவரைக் காக்கும் வேலையையும் செய்துகொண்டிருந்தது. ஒரே புரதம் தோலில் கேடும் குடலில் காவலுமாக இருக்கிறது. “எல்லா நோய்க்கும் மூலம்” என்ற பேச்சு இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

ஆஸ்துமாவின் கதை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. முட்டு என்றும் தொய்வு என்றும் நம்மவர் சொல்லும் இந்த நோயில், இயோசினோபில் என்ற வெண்குருதிக்கலங்களை வளர்ப்பது இன்டர்லூக்கின்-5. அதைத் தடுத்துச் செய்த முதல் பரிசோதனைகள் ஏமாற்றமாக முடிந்தன. அக்கலங்கள் குறைந்தும் மூச்சிழுப்பு குறையவில்லை. பிறகு, அக்கலங்கள் இரத்தத்தில் தெளிவாகக் கூடியிருந்து அடிக்கடி கடுமையான முட்டு வருவோரை மட்டும் தெரிவுசெய்து அதே மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுக்கு வரும் தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகின. 2015இல் அது அனுமதி பெற்றது. மருந்து பிழையாக இருக்கவில்லை. ஆஸ்துமா என்ற ஒரே பெயரின்கீழ் பல நோய்களை நாம்தான் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தோம்.

இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் என்று பயமுறுத்தியவருக்கு ஓரளவு ஆதாரம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. சற்றுக் கூடியிருந்த 10,061 பேரில், இன்டர்லூக்கின்-1இன் ஒரு வகையான இன்டர்லூக்கின்-1பீற்றாவைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற மருந்தைப் பரிசோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரோல் சிறிதும் குறையாமலே மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றின் தொகை 15 வீதம் குறைந்தது. நாடிச்சுவர் நோயில் அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரணங்கள் குறையவில்லை. மருந்து அந்தப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதே பரிசோதனையில் நுரையீரல் புற்றுநோய் குறைந்ததுபோலத் தோன்றியதால் பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் நுரையீரல் புற்றுநோய்க்கென்றே நடத்திய பரிசோதனைகளில் அது கைகொடுக்கவில்லை. நீரிழிவு புதிதாக வருவதையும் அது தடுக்கவில்லை. பழைய, மலிவான கவுட் மருந்தாகிய கொல்கிசினை இருதயத்துக்குப் பயன்படுத்திய பரிசோதனைகளில் 2019, 2020இல் பயன் தெரிந்தது. 2024இல் மாரடைப்பு வந்தவர்களில் செய்த பெரிய பரிசோதனையில் தெரியவில்லை. ஆகவே இந்தப் பகுதியை இன்னும் முடியாத வழக்கு என்றே நான் வைத்திருக்கிறேன். இன்டர்லூக்கின்-6ஐப் புற்றுநோய் தேடும் பரிசோதனையாகப் பயன்படுத்த முடியாது என்பது மட்டும் நிச்சயம்: புற்றுநோயிலும் அது கூடும், பல்வலியிலும் கூடும்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது டெங்கைச் சொல்லாமல் விட முடியாது. 2017இல் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவான மாதங்களில், நள்ளிரவிலும் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குருதிக்கலங்களின் வீதம், பார்க்கும் மெல்லிய குழாய்கள் எங்கள் மேசையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று தாய் நினைக்கும் அதே வேளையில், குழாயில் செங்குருதிக்கலங்களின் பகுதி 38இலிருந்து 46க்கு ஏறியிருக்கும்; இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அந்தக் கசிவுக் கட்டத்தில் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-10 உட்படப் பல கூடியிருக்கும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகே குழுவினர் கடுமையான டெங்கில் இன்டர்லூக்கின்-10 உயர்ந்திருப்பதையும், வைரசுக்கு எதிராகப் போராடும் வெண்குருதிக்கலங்களான ரீ-கலங்களின் செயலை அது அடக்குவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இருந்தும் இவற்றில் ஒன்றைத் தடுத்துக் கசிவை நிறுத்தும் மருந்து இன்றுவரை நிலைநிறுத்தப்படவில்லை. வியட்நாமில் டெங்கின் தொடக்கத்திலேயே ஸ்டீரொயிட் கொடுத்துப் பார்த்த பரிசோதனையும் கசிவைக் குறைக்கவில்லை. உயிரைக் காப்பது மணிக்கு மணி அளந்து கொடுக்கும் திரவமே. மாறாக, கோவிட்டில் ஒட்சிசன் தேவைப்பட்டு சி.ஆர்.பி. 75க்கு மேல் இருந்த நோயாளிகளுக்கு டொசிலிசுமாப் கொடுத்த பிரித்தானியப் பரிசோதனையில், 28 நாளில் மரணம் 35 வீதத்திலிருந்து 31 வீதமாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், கோவிட்டில் இன்டர்லூக்கின்-6 உயர்ந்த அளவு, தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸில் உயர்வதைவிட எவ்வளவோ குறைவு. அளவு மலைபோல் ஏறும் செப்சிஸிலோ, 1990களில் இன்டர்லூக்கின்-1ஐத் தடுத்துச் செய்த பெரிய பரிசோதனைகள் பயனைக் காட்டவில்லை. எது எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைவிட, எந்த நோயில், எந்த நாளில் என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

இன்டர்லூக்கின்கள் இல்லாமலே இருந்துவிட்டால் நல்லது என்றும் எண்ணவேண்டாம். இன்டர்லூக்கின்-12க்கான வாங்கி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்கு, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியே உடல் முழுவதும் பரவும் நோயாக மாறிவிடக்கூடும். இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் மருந்து எடுப்போருக்கு வாயில் கண்டிடா பங்கசு படிவது அடிக்கடி காணும் சங்கதி. இன்டர்லூக்கின்-10 அழற்சியை அடக்கும் பக்கத்தில் நிற்பது. அதன் வாங்கி பழுதான கைக்குழந்தைகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வருகிறது.

அந்த ஊசியைப் பற்றி எனக்கு மறக்காத ஓர் இரவு உண்டு. ஒரு வைத்தியசாலையிலிருந்து காய்ச்சலும் இருமலுமாக வந்த ஒரு பெண்ணின் மாதிரி எங்களுக்கு வந்தது. சி.ஆர்.பி. 2. வாட்டுக்கு அதைச் சொன்னோம். பெரிய தொற்று ஏதும் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். மறுநாள் நெஞ்சு எக்ஸ்றேயில் ஒரு பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளையாக இருந்தது. அவர் ஆறு மாதமாக டொசிலிசுமாப் பெற்றுவந்தவர். வேண்டுகைப் படிவத்தில் “தற்போதைய மருந்துகள்” என்ற கட்டம் வெறுமையாக இருந்தது, நாங்களும் கேட்கவில்லை. இன்டர்லூக்கின்-6இன் செய்தி ஈரலை அடையாதபடி மருந்து வழியை அடைத்திருக்கும்போது, நியுமோனியா வந்தாலும் ஈரல் சி.ஆர்.பி. சுரக்காது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காய்ச்சல் நோயாளியின் சி.ஆர்.பி. அளவுக்கு மீறி நல்லதாக வந்தால் நான் தொலைபேசியை எடுத்து மருந்தைக் கேட்கத் தொடங்கினேன். இந்த மருந்துக்கு வேறு ஆபத்துகளும் உண்டு: மறைந்திருக்கும் காசநோய் கிளம்பலாம், ஈரல் நொதிகள் ஏறலாம், வெண்குருதிக்கலங்கள் குறையலாம், அரிதாகக் குடலில் துளை விழலாம். காசநோயும் ஹெப்பற்றைற்றிஸ்-பி என்ற ஈரல் தொற்றும் இல்லையென்று பார்த்த பின்னரே தொடங்குவார்கள். ருமற்றொயிட் மூட்டுவாதம் உறுதியானாலும் முதலில் கொடுப்பது இதுவன்று. கிழமைக்கு ஒரே ஒரு நாள் விழுங்கும் மெதோட்ரெக்சேட். அதற்குக் கேட்காதவர்களுக்கே அடுத்த படி.

மஞ்சளைப் பற்றி: கிண்ணத்தில் வளர்க்கும் கலங்களின்மேல் மஞ்சளிலுள்ள குர்குமினை ஊற்றினால் இன்டர்லூக்கின்-6 குறைவது உண்மை. விழுங்கும் குர்குமின் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. மனிதரில் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போவதில்லை. குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும், கொத்தமல்லித் தண்ணீரும் குடிக்கட்டும். மிளகுச் சாறு சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் குளிசைகளை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றால் ஈரல் அழற்சி வந்தவர்கள் பதிவாகியிருக்கிறார்கள், பின்னர் மெதோட்ரெக்சேட் தொடங்க நேர்ந்தால் ஈரல்தான் முதலில் பார்க்கப்படும் உறுப்பு. புகைப்பவரானால் நிறுத்துவதும், வயிற்றுக் கொழுப்பு இருந்தால் குறைப்பதும் அழற்சியின் அளவைக் குறைக்கும் என்பதற்கு மஞ்சளைவிட நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் வீங்கிய மூட்டுக்கு அது மட்டும் மருந்தாகாது.

இப்போது செய்யவேண்டியது, அவரை ஒரு மூட்டுவாத நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுவது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் ராகமவிலும் அதற்கான கிளினிக்குகள் இருக்கின்றன. ருமற்றொயிட் வகையானால் முதல் மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கியவர்களின் மூட்டுகள்தான் நன்றாகத் தப்புகின்றன. எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு முன் பாமசியில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை வாங்கி விழுங்கவேண்டாம். வீக்கம் வடிந்துவிட்டால் வைத்தியருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. இன்டர்லூக்கின்-6ஐத் திரும்பச் செய்து காசைச் செலவழிக்காதீர்கள். வைத்தியர் கேட்டால் அந்தக் காசில் ருமற்றொயிட் மூட்டுவாதத்தைக் கண்டறிய உதவும் ஆர்.எப்., அன்டி சி.சி.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் செய்யலாம், யூரிக் அமிலமும் பார்க்கலாம். அவர் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் இறுகியிருந்தால், சட்டைப் பொத்தானைத் தானே பூட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு கிழமைக்குப் பார்த்து, அதையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்குமுன் அவர் கேட்கப்போவது அதைத்தான்.